நோஷனில் உள்ள குறிப்புகளை மார்க்டவுன் கோப்புகளாக மாற்றினால் எல்லாம் அப்படியே வந்துவிடுமா?

வராதுங்க. நோஷன் என்ற குறிப்பெழுதும் ஆப்பிலிருந்து எழுத்து வரும், நீங்கள் ஏற்றிய படங்கள் வரும், அட்டவணை ஒரு மாதிரி வரும். கலர் வராது. எனக்கு அந்தக் கலர் போனதில் 240 கிலோ துணி போச்சு.

கேள்வியைப் பார்த்தால் நோட்டீஸ் பீரியடில் இருக்கிற ஐடி ஆள் மாதிரி தெரிகிறது. நான் ஐடி இல்லை. திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிறவனாகக் குப்பை கொட்டிவிட்டு, இப்போது மச்சானோடு சேர்ந்து சின்னதாக ஒரு யூனிட் ஓட்டுகிறேன். 'பனியன் கம்பெனிக்கு எதுக்கு நோஷன், ஒரு டைரி போதாதா' என்று கமெண்டில் யாராவது கேட்பார்கள். ஒரே ஒரு ஸ்டைலுக்கு நூல் கவுண்ட், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குத் துணியின் எடை), டயா, லேப் டிப் (சின்னத் துணியில் போட்ட சாய மாதிரி), ஷ்ரிங்கேஜ், பட்டன், லேபிள், பேக்கிங் என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர் ஓகே சொன்ன தேதி வேண்டும். அப்படி இருபது ஸ்டைல் ஒரே நேரத்தில் ஓடும்போது டைரியில் தேடிப் பாருங்கள், தெரியும்.

நான் மாற்ற நினைத்ததற்குக் காரணம் பழைய கம்பெனி. பேர் வேண்டாம். காலையில் ராஜினாமா மெயில் போட்டேன், மதியம் சாப்பிட்டு வருவதற்குள் லாகின் போயிருந்தது. பையர் விவரத்தை நான் கேட்கவில்லை, அது அவர்கள் சொத்து. (திருட்டுக்கு வழி சொல்லித் தருகிறான் என்று கிளம்புகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.) காம்பாக்டிங்கில் (துணியை அழுத்திச் சுருக்குவது) எந்தத் துணிக்கு எவ்வளவு ஜிஎஸ்எம் ஏறுகிறது, எந்த நூல் வெயில் காலத்தில் அறுகிறது என்று நானாகப் பார்த்து எழுதி வைத்ததெல்லாம் அதே இடத்தில் கிடந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று. ரிலீவிங் லெட்டருக்கு ஏழு மாதம் அலைந்தேன். "எம்டி ஊர்ல இல்லீங்க" என்பார்கள், எம்டி கார் வாசலில் நிற்கும். கடைசி மாதச் சம்பளத்தில் ஐடி கார்டு தொலைந்ததற்குப் பிடித்தம் வேறு. கார்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. சரி, அது வேறு கதை.

அதனால் சொந்த யூனிட் ஆரம்பித்ததும் குறிப்புகள் எந்த லாகினுக்குள்ளும் சிக்கக் கூடாது என்று மார்க்டவுனுக்குப் போனேன். அது வெறும் எழுத்துக் கோப்புதான். தலைப்புக்கு முன்னால் #, பட்டியலுக்கு ஒரு சின்னக் கோடு, தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம். 2004-ல் ஜான் க்ரூபர், ஆரோன் ஸ்வார்ட்ஸ் உதவியோடு உருவாக்கியது. நோட்பேடிலேயே திறக்கும். டையிங் (சாயப் பட்டறை) ஆபீஸில் தூசி படிந்து கிடக்கிற கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். ஒரு கலருக்கு டையிங்கில் ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் போட்டுத் தருவார்கள், பையர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நான் நோஷனில் மூன்றையும் வரிசையாக எழுதி, ஓகே ஆனதைப் பச்சை எழுத்திலும் மற்றதைச் சிவப்பிலும் வைப்பேன். 'ஓகே' என்ற வார்த்தையை எங்கேயும் எழுதவில்லை. பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு எழுத வேண்டும்? ஆனால் மார்க்டவுனில் எழுத்துக்குக் கலர் கொடுக்கக் குறியே கிடையாது. ஏற்றுமதி செய்த கோப்பில் மூன்று வரியும் கறுப்பாக, ஒரே மாதிரி வந்து நின்றன. நான் அதைக் கவனிக்கவில்லை. எல்லாம் வந்துவிட்டது என்று நோஷனில் இருந்ததை அன்றைக்கே அழித்தும் விட்டேன்.

அடுத்த வருடம் அதே மின்ட் பச்சைக்கு ரிப்பீட் ஆர்டர். கோப்பைத் திறந்தேன். மூன்று வரி. எனக்கு என்னவோ 'சி' என்றுதான் ஞாபகம். ஓகே ஆனது 'பி'. ஷேட் கார்டை (ஓகே ஆன சாயத் துணி ஒட்டிய அட்டை) பார்க்காமலா கொடுத்தாய் என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். ராயபுரத்திலிருந்து மங்கலம் ரோட்டுக்கு இடம் மாறியபோது கட்டிய அட்டைப்பெட்டியில் கார்டு கிடந்தது. பிரிக்கச் சோம்பல். தப்பு என்னுடையதுதான், ஆப் மேல் பழி போட நான் வரவில்லை. துணி நீலம் அடித்து வந்தது, பையர் வேண்டாம் என்றார். கடைசியில் நேவிக்கு (கருநீலச் சாயத்துக்கு) ஏற்றி வேறொரு ஆர்டருக்குத் தள்ளினோம். நஷ்டம் எவ்வளவு என்று இங்கே எழுதினால் எங்கூட்டுல படிச்சிருவாங்க.

டையிங் மாஸ்டர் அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "ஏங்கண்ணு, திருப்பூர்ல இருந்துக்கிட்டா சாயத்தை நம்பி எழுதி வெச்சே?"

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்தின் மேலே வலது மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டால் எக்ஸ்போர்ட் இருக்கும். 'மார்க்டவுன் அண்ட் சிஎஸ்வி'யைத் தேர்ந்தெடுத்து, உட்பக்கங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு ஜிப் வரும். டேட்டாபேஸாக வைத்திருந்தது சிஎஸ்வி (எக்செலில் திறக்கிற அட்டவணைக் கோப்பு) ஆகிவிடும், அதன் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி மார்க்டவுன் கோப்பும் வரும். கோப்புப் பெயரின் வாலில் 32 எழுத்தில் ஒரு குறியீடு ஒட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். அந்த வால்தான் விண்டோஸில் வம்பு பண்ணும். பையர், சீசன், ஸ்டைல், லேப் டிப் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்திருந்தால் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டிவிடும், ஜிப் பிரியும்போது பாதிக் கோப்பில் நின்றுவிடும். டி டிரைவில் நேரடியாக ஓரெழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் செவன் ஜிப் என்ற ஜிப் பிரிக்கிற மென்பொருள் வைத்துப் பிரித்தால் பெரும்பாலும் சரியாகும்.

தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு இன்னொரு இம்சை. பக்கத்துக்குப் பக்கம் கொடுத்த இணைப்புகளில் தமிழ் எழுத்தெல்லாம் சதவீதக் குறியும் எண்ணுமாக மாறியிருக்கும். 'க' என்ற ஒரே எழுத்து ஒன்பது எழுத்தாக விரியும், 'கோ' என்றால் கொம்புக்கும் சேர்த்துப் பதினெட்டு. இணைப்பு வேலை செய்யும், ஆனால் நோட்பேடில் படிக்க முடியாது. உள்ளே இருக்கிற தமிழுக்கு ஒன்றும் ஆகாது, அது யூனிகோடு. முன்பு பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்து வைத்த கொட்டேஷன்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன, ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். அந்தத் தலைவலி இதில் இல்லை.

கூகுள் டிரைவ் லிங்க்காக ஒட்டி வைத்த படம் லிங்க்காகவே வரும், படம் வராது. அப்சிடியன் என்ற மார்க்டவுன் குறிப்பு ஆப்புக்குப் போகப் போகிறீர்கள் என்றால் அதன் இம்போர்ட்டர் நோஷனின் எச்டிஎம்எல் ஜிப்பை எடுத்துக்கொள்ளும், அதையும் ஒன்று இறக்கி வையுங்கள். ஆடிட்டருக்கு வேர்டில்தான் வேண்டும் என்றால் பான்டாக் என்ற இலவச மென்பொருள் மார்க்டவுனை வேர்டாக மாற்றித் தரும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கலரில் சொல்லி வைத்ததையெல்லாம் வார்த்தையாக மாற்றிவிடுங்கள். பச்சைக்கு 'ஓகே', சிவப்புக்கு 'ரிஜெக்ட்', மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது ஞாபகம் இருக்கும்போதே அதுவும். எனக்கு மஞ்சள் எதற்குப் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எக்ஸ்போர்ட் முடிந்ததும் நான்கைந்து பக்கத்தையாவது நோஷனையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழிக்கிற வேலை ஒரு சீசன் கழித்து.