காங்கோ ஓவியர் ஷெரி சாம்பாவின் ஓவியங்களில் ஏன் இவ்வளவு எழுத்து?
படத்துக்குள் பத்தி பத்தியாக எழுதுவது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவின் தெருவில் இருக்கிறது. சாம்பா 1972-ல் அங்கே விளம்பரப் பலகை எழுதத் தொடங்கியவர், படக்கதையும் வரைந்தவர். 1975-ல் சொந்தப் பட்டறை திறந்தார். வாசலில் மாட்டிய படத்தைப் போகிறவர் ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். எழுத்து இருந்தால் படித்து முடிக்கும்வரை நிற்பார். அதனால் பிரெஞ்சிலும் அங்கே பேசும் லிங்காலா மொழியிலும் எழுதினார். வாசகத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பார்த்தால் பாதிப் படம் போயிற்று.

கான்வாஸ் கட்டுப்படியாகாத காலத்தில் சாக்குத் துணியில்தான் வரைந்தார். பிறகு அக்ரிலிக் வண்ணம், அதன்மேல் மினுக்குத் தூள். அச்சுப் பிரதியில் அந்த மினுக்கம் செத்துவிடும், நேரில் பார்க்க வேண்டும். 2003-ல் வரைந்த ‘எனக்கு வண்ணம் பிடிக்கும்’ படத்தில் இருப்பது அவரே, பல்லிடுக்கில் தூரிகை. தலையே உரித்த ஆரஞ்சுத் தோல்போலச் சுருள் சுருளாகப் பிரிந்து, இடுக்கில் நீலம் தெரிகிறது.