என் அண்ணன் குடியை நிறுத்த உதவும் ஏ.ஏ. கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது?

அண்ணனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள், நல்ல காரியம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அவர்களுடைய இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446-க்குப் போன் போடுங்கள்.

கூட்டம் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ சாயங்காலம் நடக்கும். பேர் மட்டும் சொன்னால் போதும், பேசப் பிடிக்கவில்லையா, சும்மா உட்கார்ந்து கேட்கலாம், கட்டணம் கிடையாது, குடியை விடும் ஆசை ஒன்றுதான் தகுதி. முதல் நாள் நீங்களும் கூடப் போக நினைத்தால் 'திறந்த கூட்டம்' எது என்று விசாரியுங்கள், மற்றவற்றில் குடும்பத்தாருக்கு இடமில்லை. உங்களுக்கென்றே அல்-அனான் என்ற, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான குழு இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.