ஆணி இல்லாத கொட்டகை

ஐயா, வணக்கம். மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஏற்காட்டில் புதியவர்களுக்கான ஐந்து நாள் தச்சுப் பயிற்சிக்குப் போனேன். சில்வர் ஓக் மரத்தில், ஒரு ஆணிகூட இல்லாமல், ஒரு கட்டையின் துளையில் இன்னொன்றின் சீவிய முனையை, அதாவது கழுந்தை, ஓங்கி அடித்து ஏற்றியே ஒரு கொட்டகை எழுப்பினோம். நம் முன்னோர்களின் அறிவை நினைத்துச் சிலிர்த்தேன். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? வாங்கப்போகும் கருவிகளின் பட்டியலை இணைத்துள்ளேன்.
– கே., அஸ்தம்பட்டி

அன்புள்ள கே.,

விடுமுறையில் படுத்துக் கிடக்காமல் மலையேறிப் போய் மரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். இரண்டு உளி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், மூலைமட்டம், நல்ல தீட்டுக்கல் போதும். சில்வர் ஓக் காபித் தோட்டத்து நிழல்மரம், கரையான் விடாது. கொட்டகைக் கால்களைக் கல்லின்மேல் நிறுத்தச் சொல்லுங்கள்.

என்னைக் குடைவது அந்த 'ஒரு ஆணிகூட இல்லாமல்'தான். வாட்ஸ்அப்பிலும் இதே பெருமை சுற்றிக்கொண்டிருக்கிறது. கஞ்சமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரும்பு உருக்கிய ஊர் நம் சேலம். இங்கே ஆணிக்கா பஞ்சம்? வாசற்கதவில் வரிசையாகக் குமிழ் ஆணி அடித்தவர்களும் அதே ஆசாரிகள்தான். பெரிய சட்டங்களில் அடிக்காமல் விட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் மரம். காயும்போது மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது, குறுக்கே நன்றாகச் சுருங்கும். இரும்பு அப்படிச் சுருங்காது. நாளாக நாளாகப் பிடி தளரும். இங்கிலாந்தில் இன்னும் காயாத பச்சை ஓக் மரத்தில் சட்டம் கட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த மரத்திலுள்ள டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இரும்பை அரிக்கும், மரமும் கறுத்துப்போகும். அதனால் காய்ந்த ஓக்கில் முளை, அதாவது மர ஆணி, சீவி, துளைக்கட்டையிலும் கழுந்திலும் குறுக்கே ஓட்டை போட்டு அடிக்கிறார்கள். கழுந்திலுள்ள ஓட்டையை மட்டும் அரை நூல் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் படிப் பக்கமாக, தள்ளிப் போடுவார்கள். முளை இறங்க இறங்க, கழுந்தை அதுவே உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும். பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் கழுந்தும் தோளும்தான். மூட்டு பிரியாமல் பார்த்துக்கொள்வது முளையின் வேலை. பிரான்சில் தச்சர்கள் கூரைச் சட்டத்தை வரைந்து வெட்டும் மரபை 2009-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கும் முன்னோர் உண்டு, ஐயா. நாம் மட்டும் மார்தட்ட இதில் என்ன இருக்கிறது?

அப்புறம், அந்த 'ஓங்கி அடித்து'! செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆசாரித் தாத்தா இதைக் கேட்டிருந்தால் உங்கள் கையிலிருந்து கொட்டாப்புளியைப் பிடுங்கியிருப்பார். கழுந்தை முதலில் கையால் செருகிப் பார்ப்பார். உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். எங்கே இறுக்குகிறதோ அந்த இடம் மட்டும் மெழுகு தேய்த்ததுபோல மினுங்கும். அங்கே மட்டும் உளியால் மெல்லிசாக ஒரு சீவல். மறுபடி செருகல், மறுபடி உருவல். பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்குப் பொறுமை போய்விடும். "துளை வாய் பொளந்துச்சுன்னா தூணே வீண் கண்ணு" என்பார். முன்னோர் பெருமை பேசி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நம்மூர் குகை வட்டாரத்தில் பழைய ஓட்டு வீடு எங்காவது இடித்துக்கொண்டிருப்பார்கள். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், உத்தரத்தின் மூட்டு ஒன்றைப் பிரிக்கும்போது கூட நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடாதீர்கள். தரையெல்லாம் துருப்பிடித்த ஆணி கிடக்கும்.