ஆங்கிலம் வகுப்பறை வரைக்கும்தான்

கோவையில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சென்சார் சிஸ்டம்ஸ் டெக்னாலஜி முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில்தான். ஜெர்மன் மொழியை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாமா? இந்தப் படிப்புக்கு வேலை உண்டா?"

வேலை உண்டு, தம்பி. ஆனால் அது உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் கேள்வியில்தான் இருக்கிறது.

சென்சார் தொழில் பெர்லினில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஸிக் நிறுவனம் ஃப்ரைபர்க் பக்கம் வால்ட்கிர்ஷ் என்ற சிற்றூரில் இருக்கிறது. பலுஃப் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே நொய்ஹவுசனில். என்ட்ரஸ்+ஹவுசரின் லெவல், பிரஷர் கருவிகள் சுவிஸ் எல்லையோர மவுல்பூர்கில். இப்படிப்பட்ட ஊர்களில் கேன்டீன் முதல் சோதனை மேஜை வரை பேச்சு பெரும்பாலும் ஜெர்மன்தான்.

நான் இருக்கும் வேலையையே சொல்கிறேன். பால் ஆலை டாங்கில் பால் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்கும் ரேடார் லெவல் சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறது என்று ஃபோன் வரும். பேசுபவர் ஆலையின் ஃபோர்மேன், அதுவும் ஸ்வாபிய வட்டார வழக்கில். மேலே நுரை கட்டியிருக்கிறதா, ஆன்டெனாவில் படிவு ஏறியிருக்கிறதா, கலக்கியின் துடுப்பு எதிரொலிக்கிறதா என்று அவர் வாயிலிருந்து வரவழைத்தாக வேண்டும். அலைவடிவத்தைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஆகவே, வருவதற்கு முன் ஜெர்மனில் பி1 நிலைத் தேர்வை முடித்துவிடுங்கள். உங்கள் ஊரிலேயே ஜெர்மன் கற்பிக்கும் கெத்தே மையம் இருக்கிறது. வந்த பிறகு என்று தள்ளிப்போட்டால், ஆய்வக அறிக்கைகளும் பகுதிநேர வேலையும் மாலைகளைத் தின்றுவிடும்.

படிப்பைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்த பிளாட்டினம் வெப்பநிலை சென்சார், பிடி100. பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம் கூடும். இரண்டு கம்பியில் இணைத்தால், கம்பியின் தடை 0.4 ஓம் இருந்தாலே ஒரு டிகிரி அதிகமாகக் காட்டும். நான்கு கம்பி என்றால் அந்தத் தொல்லை இல்லை. இதெல்லாம் கோவையிலேயே படித்திருப்பீர்கள். இங்கே கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்கும். நீங்கள் செலுத்தும் மின்னோட்டத்தால் சென்சார் தானாக எவ்வளவு சூடாகிறது? மல்டிமீட்டருக்குக் கடைசியாக எப்போது கேலிபிரேஷன் (சரியாக அளக்கிறதா என்ற ஒப்பீடு) நடந்தது? அந்தச் சான்றிதழின் ஒப்பீட்டுச் சங்கிலி, பிரவுன்ஷ்வைக்கில் உள்ள ஜெர்மனியின் தேசிய அளவீட்டு நிறுவனமான பிடிபி வரை போகிறதா? (1887-இல் பெர்லினில் தொடங்கிய பேரரசு அளவீட்டு நிறுவனத்தின் வாரிசு அது.) 37.2 என்று மட்டும் எழுதிய அறிக்கை திரும்பி வரும். 37.2 ± 0.1 என்று எழுதி, அந்த 0.1 எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பக்கம் கணக்கும் காட்ட வேண்டும். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து 'அழகான' ரீடிங் எழுதும் நம் ஊர்ப் பழக்கத்தை விமானம் ஏறும்போதே விட்டுவிடுங்கள். புள்ளிகள் அத்தனையும் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் இங்கே பாராட்ட மாட்டார்கள், சந்தேகப்படுவார்கள்.

அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஒரு தேர்வை எழுத வாய்ப்புகள் எண்ணிக் கொடுக்கப்படும். அவை தீர்ந்தால் படிப்பே முடிந்துவிடும்.

இன்னொன்று, ஏஜென்சிக்காரர்கள் குழப்பியடிப்பது: உங்களுக்கு இடம் கிடைத்திருப்பது அதே ஊரில் உள்ள கேஐடியில் (கார்ல்ஸ்ரூ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) அல்ல. இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1880-களில் மின்காந்த அலைகளை நிரூபித்த கல்லூரியின் வாரிசு கேஐடி. உங்களுடையது வேறு நிறுவனம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. இவ்வகைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆவதற்கே வெளியே சில ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். அதனால் அவர்களுக்குத் தொழிற்சாலைத் தொடர்பு உண்டு. முதுகலை ஆய்வை ஒரு நிறுவனத்தில் செய்ய அது கை கொடுக்கும், பலருக்கு முதல் வேலை அங்கேயே அமைகிறது. ஆராய்ச்சிப் பட்டம்தான் கனவு என்றால் மட்டும் இன்னொரு முறை யோசியுங்கள்.

பணம்: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று உறவினர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்குக்கு (பிளாக்ட் அக்கவுண்ட்) 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ, அதிலிருந்து மாதம் 992 மட்டும் கைக்கு வரும். விண்ணப்பிக்குமுன் தொகையைத் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். படிப்பு முடிந்த பின் வேலை தேட 18 மாதம் அனுமதி உண்டு. ஜெர்மன் தெரியாதவருக்கு அது மளமளவென்று கரைந்துவிடும்.

மாணவர் விடுதிக்கு இன்றைக்கே பெயர் கொடுங்கள். விசா வரட்டும் என்று காத்திருந்தவர்கள் அக்டோபரில் நண்பர் அறையில் தரையில் படுத்திருக்கிறார்கள்.