அப்பாவோட பிஸ்டல் இப்ப யார் பீரோவுல இருக்கு?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்லேருந்து ஒரு தம்பி நாலு பக்கம் எழுதிருக்காரு. சுருக்கமா சொன்னா, அப்பா ரைபிள் கிளப்ல சுட்டவரு, 1960கள்ல வாங்குன ஜெர்மன் மேக் பாயிண்ட் 22 டார்கெட் பிஸ்டல் ஒண்ணு லைசென்ஸோட வச்சிருந்தாரு, 2023ல தவறிட்டாரு. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது இவரு, சென்னை அண்ணன் எட்டிக்கூடப் பாக்கல, ஆனா காரியம் முடிஞ்ச கையோட லைசென்ஸ் புக்கை எடுத்துட்டுப் போயிட்டு "மூத்தவன் நான், பிஸ்டல் எனக்குத்தான்"ங்குறாராம். உப்புக்காத்துல துருப்பிடிச்சிரும்னு இவரு மாசாமாசம் கழட்டித் தொடச்சு எண்ணெய் போடுறாரு. சுட்ட தோட்டாவோட கூட்டை வெளிய இழுக்குற எக்ஸ்ட்ராக்டர்ங்குற பார்ட் உடைஞ்சிருக்கு, போட் இன்ஜின் வேலை பாக்குற லேத்துல கடைஞ்சு தர்றோம்னு சொல்லிருக்காங்க. அண்ணன் மேல பாகப்பிரிவினை கேஸ் போடலாமான்னு கேக்குறாரு.

தம்பி, யாரு கஞ்சி காய்ச்சிக் குடுத்தா, யாரு வரல, அது எதுவும் இதுல எடுபடாது. இன்னைக்கு ராத்திரி அந்த பிஸ்டல் யார் பீரோவுல இருக்கு? உங்க பீரோவுல. உங்க பேர்ல லைசென்ஸ் இருக்கா? இல்ல. அவ்வளவுதான் விஷயம். பிஸ்டலோட மதிப்பு வாரிசுக்கு வரும், கையில வச்சுக்குற உரிமை வராது, லைசென்ஸ் அப்பாவோடயே போச்சு. ஆயுதச் சட்டம் 21வது பிரிவுப்படி தாமதம் பண்ணாம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் டீலர்கிட்டயோ ஒப்படைச்சிருக்கணும். நீங்க எண்ணெய் போட்டுட்டு இருந்திருக்கீங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 2 வருஷத்துலேருந்து 5 வருஷம், கூட ஃபைன். டப்பாவுல மிச்சம் கிடக்குற தோட்டாவுக்கும் இதே சட்டம்தான்.

"பழைய பீஸ் சார், ஆன்டிக்"னு எழுதிருக்கீங்க. 45வது பிரிவுல அந்தச் சலுகை இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணாலும் சரி பண்ணாட்டியும் சரி, சுடவே முடியாத ஆயுதத்துக்குத்தான் அது. மாசாமாசம் எண்ணெய் போட்டு வர்றேன், ஒரு பார்ட் மாத்துனா ஓடும்னு உங்க கைப்படவே எழுதிட்டீங்களே. பூட்டி வச்சிருந்தேன், தொடவே இல்லைன்னு சொல்றதும் ஓடாது, உங்க கட்டுப்பாட்டுல இருந்தாலே வச்சிருந்த மாதிரிதான்னு 1972லயே குன்வந்த்லால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

அந்த லேத் விஷயத்தை இன்னையோட மறந்துருங்க. துப்பாக்கி ரிப்பேருக்கும் தனி லைசென்ஸ் வேணும், சட்டத்துல ஆயுதம்னா அதோட பார்ட்டும் சேர்த்திதான். அது இல்லாம கை வச்சா குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். பாவம், புரொப்பல்லர் ஷாஃப்ட் கடைஞ்சு பிழைக்குற மனுஷன் உள்ள போவாரு, வேலை குடுத்தவருன்னு நீங்களும் பின்னாலயே போவீங்க. அதுவும் நம்ம ஊர்ல. 2018ல தங்கச்சிமடத்துல செப்டிக் டேங்க் தோண்டுனப்ப பெட்டி பெட்டியா தோட்டா வந்ததே, ஞாபகம் இருக்கா? இந்தக் கடற்கரையில துப்பாக்கின்னு காதுல விழுந்தா லோக்கல் ஸ்டேஷன் மட்டும் வராது, தீவிரவாத விஷயங்களைப் பாக்குற போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச், மரைன் போலீஸ் எல்லாரும் வந்து உக்காந்துருவாங்க, அப்பா மெடல் ஃபோட்டோவை யாரும் பாக்க மாட்டாங்க.

இப்ப நான் கண்ணால பாத்த ஒண்ணு. தொண்டிப் பக்கத்துலேருந்து கேஸுக்குன்னு வந்த ஒரு கட்சிக்காரர், இதே மாதிரி அப்பா துப்பாக்கி, நல்ல மனசோட மதுரை டீலர்கிட்ட ஒப்படைக்கலாம்னு டிராவல் பேக்ல துண்டு சுத்தி எடுத்துட்டு ராத்திரி பஸ் ஏறிட்டாரு. வழியில செக்கிங். ஒப்படைக்கத்தான் போறேன்னு சொல்றாரு, கையில ஒரு கடுதாசி கிடையாது. கலெக்டர் அனுமதி இல்லாம வழக்கு நடத்த முடியாதுன்னு 39வது பிரிவு இருக்கேன்னு சொந்தக்காரங்க ஆறுதல் சொன்னாங்க, அந்த அனுமதி கேஸ் நடத்தத்தான் வேணும், பிடிச்சு உள்ள வைக்கிறதுக்கு வேண்டாம். ஜாமீன் கிடைக்க பதினெட்டு நாள் ஆச்சு. அதனால நீங்க பிஸ்டலைத் தூக்கிட்டு எங்கயும் கிளம்பாதீங்க. முதல்ல கலெக்டருக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு வக்கீல் மூலமா பதிவுத் தபால், அப்பா தவறுனது, மேக், நம்பர், தோட்டா எத்தனை, எல்லாம் எழுதி. அப்புறம் வக்கீலைக் கூட்டிக்கிட்டு பக்கத்து ஸ்டேஷன், நம்பர் போட்ட ரசீது வாங்காம வெளிய வராதீங்க. லேட்டானதுக்கு என்னத்தை சொல்றதுன்னு பயப்படுறீங்கள்ல, தானா வந்து குடுத்தவருக்கும் போலீஸ் வீடு புகுந்து எடுக்குற வரைக்கும் விட்டவருக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. அப்பா எலெக்ஷனுக்கு எலெக்ஷன் பிஸ்டலை ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணுவாருன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப 2024 எலெக்ஷனுக்கு அது வரலைங்குறது ஸ்டேஷன் ரிஜிஸ்டர்ல இப்பவே தெரிஞ்சிட்டுத்தான் இருக்கும்.

ஸ்டேஷன் ஸ்டோர்ல யாரும் எண்ணெய் போட மாட்டாங்க, துரு ஏறும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறமா அனுமதி வாங்கி டீலர்கிட்ட மாத்திக்கலாம், வாடகை ஆகும். தோல் உறையில வச்சு மட்டும் குடுத்துராதீங்க, தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னுரும்.

அண்ணன் விஷயம். கேஸ் போடாதீங்க. 2016 ஆயுத ரூல்ஸ்ல வாரிசுக்கு லைசென்ஸ் குடுக்க வழி இருக்கு, ஆனா மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும், அண்ணன் மட்டுமில்ல, அம்மா இருந்தா அம்மாவும். நீங்க சிவில் கோர்ட்ல சண்டை போட்டுட்டு இருந்தா ஒப்படைச்ச ஆயுதத்தைத் திருப்பி வாங்குறதுக்கான கெடு முடிஞ்சு பிஸ்டல் சர்க்காருக்குப் போயிரும், ரெண்டு பேருக்கும் இல்லாம. 1980கள்ல தனியாளு துப்பாக்கி இம்போர்ட் பண்றதை நிறுத்துனதுக்கு அப்புறம் பழைய ஃபாரின் பீஸுக்கு நல்ல விலை, அண்ணன் கண்ணு அதுலதான்னு நினைக்கிறேன். டீலர்கிட்ட மதிப்பு கேட்டு அவர் பங்கைக் காசாக் குடுத்துட்டு கையெழுத்து வாங்குங்க. இல்ல, அவரே எடுத்துக்கட்டும், ஆனா ஏற்கனவே அவர் பேர்ல ரெண்டு துப்பாக்கி இருந்தா மூணாவது வாரிசு வழியில வந்தாலும் வைக்க முடியாது, அதைக் கேட்டுக்கங்க. ரெண்டும் ஒத்து வரலைன்னா டீலர்கிட்டயே வித்துப் பங்கு பிரிச்சுக்கங்க.

அண்ணனுக்கு ஃபோன் போடுறது நாளைக்கு இருக்கட்டும். கலெக்டருக்குக் கடுதாசி இன்னைக்கே போகணும்.