கள்ளித்தொட்டி வேண்டாம், மாமியாரைக் கூப்பிடுங்கள்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை ஹூஸ்டனில். நவம்பர் இரண்டாவது வாரம் கல்யாணம். மாப்பிள்ளை மெக்சிகோவில் புவெப்லா ஊர்க்காரர். இரண்டு வீடும் கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் கோவில் சடங்கில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் போட்டோவில்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, அவர்கள் ஊரிலேயே ‘மெக்சிகன் தீம்’ வைத்துக் காதல் படங்கள் எடுக்கலாம் என்று இங்குள்ள போட்டோகிராஃபர் ஒரு திட்டம் அனுப்பினார். அதில் கள்ளித்தொட்டிகள், வரிவரியான கம்பளி, அவருக்குப் பெரிய சோம்ப்ரெரோ தொப்பி, எனக்கு மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ மாதிரி பூக்கிரீடம், இரண்டு பேருக்கும் பாதி முகத்தில் மண்டையோட்டு மேக்கப். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். நான் பட்டுப்புடவை கட்டலாமா? அவர்கள் உடையைப் போட்டால் தப்பாகிவிடுமா? படத்தில் என்னதான் வைப்பது?

தீபா

அன்புள்ள தீபா,

மண்டையோட்டிலிருந்து தொடங்கலாம், உங்கள் மாமியார் எழுந்து போனது அநேகமாக அதனால்தான். நவம்பர் 2 உங்கள் ஊரில் கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். மெக்சிகோவிலும் அதே நாள், அதே காரியம். வீட்டுக்குள் இறந்தவர் படத்தை வைத்து, அவருக்குப் பிடித்ததைப் படைத்து, இன்னும் விரிவாகச் செய்வார்கள். நீங்கள் படம் எடுக்கப்போவது அது முடிந்து ஒரு வாரத்தில். அந்த வருஷம் அந்த வீட்டில் யாருக்காவது முதல் படையல் போட்டிருக்கலாம். கல்லறைத் திருநாள் அலங்காரத்தை வைத்துத் தூத்துக்குடியில் ஒருவர் கல்யாணப் படம் எடுக்கச் சொன்னால் உங்கள் அம்மா என்ன சொல்வார்?

போட்டோகிராஃபர் மனதில் இருப்பது கத்ரீனா என்ற, தொப்பி வைத்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி. 1910-ஐ ஒட்டி ஹோஸே குவாதலூப்பே போசாதா என்ற அச்சோவியர் அவளை வரைந்தது கேலிக்காக. தன் பிறப்பை மறைத்து ஐரோப்பியப் பவிசு காட்டியவர்களுக்கான குத்தல் அது. 1947-இல் ஓவியர் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடை போட்டு நிறுத்திய பிறகுதான் அவள் இவ்வளவு பிரபலம். விரும்பி அந்த மேக்கப் போடும் ஜோடிகளும் உண்டு, அது அவர்கள் பாடு. மாமியார் எழுந்து போன வீட்டில் வேண்டாம்.

மற்றவற்றில் என் குறை வேறு. அந்தத் திட்டத்தில் ஒரு நாடு முழுவதையும் ஒரே மேசையில் கொட்டியிருக்கிறார். வரிக்கம்பளி வடக்கே சல்தீயோவுக்குப் பெயர் போன சராப்பே. ஃப்ரீடா உடுத்தியது ஓஹாகா மாநிலத்தில் தெவாந்தெபெக் பக்கத்துப் பெண்களின் உடை. புவெப்லாக்காரருக்கு இரண்டும் வெளியூர்ச் சரக்கு. கள்ளிதான் வேண்டுமென்றால் புவெப்லா மாநிலத்தின் தெற்கே தெவாகான் பள்ளத்தாக்கில் தூண் தூணாக நிற்கும் காடே இருக்கிறது, 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அதை விட்டுவிட்டுத் தொட்டியில் இரண்டு கள்ளியை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்?

ஆகவே மெக்சிகோவை மறந்துவிட்டு புவெப்லாவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரே வேண்டிய அளவுக்குக் கொடுக்கும்.

அந்த ஊரின் நிறம் தலவேரா. பால்வெள்ளைப் பூச்சின் மேல் கருநீலத்தில் பூவேலை செய்த மண்பாண்டமும் ஓடும். மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, கறுப்பு, வெளிர் ஊதா எல்லாம் மரபில் உண்டு என்றாலும் நீலம்தான் ராஜா. ஸ்பெயினிலிருந்து வந்த கைத்தொழில், இரண்டு நாட்டுக்கும் சேர்த்து 2019-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது. பழைய தெருக்களில் செங்கல்லுக்கு நடுவே இந்த ஓடுகளைப் பதித்த வீட்டு முகப்புகள் நிறைய. அல்ஃபேன்யிக்கே மாளிகையைப் பார்த்தால் செங்கல்லும் ஓடும் போதாதென்று மேலே வெள்ளைச் சுதையில் மிட்டாய்ப் பாகு ஊற்றியது போல வேலை. இவ்வளவு வேலைப்பாடுள்ள சுவருக்கு முன்னால் நீங்கள் உடம்பெல்லாம் புட்டா வைத்த புடவையில் நின்றால் இரண்டுமே தெரியாது.

புடவை கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். மணப்பெண் நீங்கள், உங்கள் ஊரும் படத்தில் இருக்க வேண்டாமா? ஆனால் உடல் வெறுமையாக, கரை மட்டும் அழுத்தமாக உள்ள பட்டாக எடுங்கள். அரக்கு வேண்டாம், செங்கல் விழுங்கிவிடும். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை என்றால் நீல ஓட்டுக்கு முன்னால் தானாகத் தூக்கி நிற்கும். ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே, உச்சி வெயில் கத்தி மாதிரி. அந்த வெயிலில் சரிகை வெள்ளையாக வெடிக்கும், கண்ணுக்குக் கீழே குழி விழும். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல்.

அவருக்கு சோம்ப்ரெரோ பற்றி: வெள்ளிப் பொத்தான் வைத்த சார்ரோ உடையும் அந்தத் தொப்பியும் குதிரைக்காரர்களுக்கும் மரியாச்சிப் பாடகர்களுக்கும் உரியவை. அவர் குடும்பத்தில் குதிரையேற்றப் பழக்கம் இருந்தால் கம்பீரமாகப் போடட்டும். இல்லையென்றால் வழியில் போகிறவர் நிறுத்தி ஒரு பாட்டுப் பாடச் சொல்வார். நல்ல தையலில் ஒரு கறுப்பு சூட் போதும்.

உங்களுக்கு அவர்கள் உடை விஷயத்தில் ஒரு கதை தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரின் புகழ்பெற்ற பெண்ணுடை சீனா போப்லானா: பூத்தையல் போட்ட வெள்ளை ரவிக்கை, ஜிகினா மின்னும் சிவப்புப் பாவாடை, தோளில் ரெபோசோ என்ற நீளச் சால்வை. ஊர்வழக்கு அதைக் கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெண்ணோடு சேர்த்துச் சொல்லும். அவர் இந்தியப் பெண். சிறுமியாகப் போர்ச்சுகீசியரிடம் பிடிபட்டு, கொச்சியில் ஞானஸ்நானம் பெற்று, மணிலாவில் விற்கப்பட்டு, கப்பலில் மெக்சிகோ சேர்ந்தவர். புவெப்லாவில் அடிமையாக வாழ்ந்து, பின்னாளில் பக்திக்காக ஊரே மதித்த பெண்மணியாகி, 1688-இல் இறந்தார். இயேசு சபைக் கோவிலில் அடக்கம். உடைக்கும் அவருக்கும் உண்மையில் தொடர்பில்லை, உடை பிற்காலத்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவரை ‘இந்திய இளவரசி’ ஆக்கி, அந்த உடையில் உங்களை நிறுத்தி, கீழே அழகான ஒரு வரி எழுத போட்டோகிராஃபருக்கு ஆசை வரும். விடாதீர்கள். பிடித்து விற்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. கேமரா இல்லாமல் ஒரு மாலை அந்தக் கோவிலுக்குப் போய் வாருங்கள்.

உடை தப்பா என்பதற்கு என் பதில்: யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். 2019-இல் கரோலினா ஹெரேரா நிறுவனம் தெனாங்கோ தெ தோரியா ஊரின் பூத்தையலையும் சல்தீயோ வரிகளையும் தன் உடைகளில் போட்டபோது மெக்சிகோவின் பண்பாட்டு அமைச்சரே விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். நெய்தவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி. 2022-இல் பூர்வகுடிகளின் கலைச்சொத்தைக் காக்கத் தனிச் சட்டமும் வந்துவிட்டது. புவெப்லா மலைப்பகுதியில் குவெட்சாலான் ஊர்ப் பெண்கள் வலைபோல மெல்லிய வெள்ளைத் துணி நெய்கிறார்கள். அதை நெய்தவரிடமே வாங்கித் தோளில் போடுங்கள். அல்லது மாமியாரின் பெட்டியில் ஒரு பழைய ரெபோசோ இருக்கும். அவரே அதை எடுத்துப் புடவைத் தோளில் போர்த்திவிட்டால் அதைவிட உடையலங்காரம் வேறு எவரும் செய்துவிட முடியாது. அந்த நிமிஷத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர்கள் கல்யாணத்தில் பத்ரீனோக்கள் உண்டு. மோதிரத்துக்கு ஒரு ஜோடி, கேக்குக்கு ஒரு ஜோடி, பூவுக்கு ஒரு ஜோடி என்று உறவும் நட்பும் பொறுப்பெடுத்துக்கொள்வார்கள், நம் தாய்மாமன் சீர் மாதிரி. அதில் லாசோவுக்கென்று ஒரு ஜோடி. லாசோ என்பது இரட்டை வளையமுள்ள நீண்ட ஜெபமாலை. திருமணச் சடங்கில் மணமக்கள் இருவர் தோளிலும் எட்டு வடிவத்தில் அதைச் சுற்றிவிடுவார்கள். அப்புறம் அர்ராஸ்: மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டும் 13 நாணயங்கள். காதல் படம் வேண்டுமென்று ஓர் ஆள் உங்களை மூக்கோடு மூக்கு உரசச் சொல்வதைவிட இவை எவ்வளவு மேல்! சடங்கை முன்னதாக நடிக்க வேண்டாம். கல்யாண நாளன்றே, கோவிலை விட்டு இறங்கியதும், லாசோவைக் கழற்றாமல் முற்றத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். பத்ரீனோக்களும் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே ஃபிளாஷ் போடலாமா என்று சாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முற்றத்துக்கு மேலே பாப்பெல் பிக்காதோ கட்டலாம், வெட்டுவேலைத் தாள் தோரணம். அதற்குப் பேர்போன ஊர் சான் சால்வதோர் விஸ்கொலோட்லா, அதே மாநிலம்தான். கத்தரிக்கோல் கிடையாது. மெல்லிய தாள்களைக் கட்டாக அடுக்கி, மேலே மாதிரித் தாளை வைத்து, உளியும் சுத்தியலுமாகத் தட்டியே வெட்டுவார்கள். கல்யாணத்துக்கு வெள்ளைத் தாளில் புறா, இதயம், மணமக்கள் பெயர். உங்கள் பெயரைத் தமிழிலும் வெட்டச் சொல்லலாம், பெரிதாக எழுதி அனுப்புங்கள். சுழியுள்ள எழுத்துகளில் நடுத்துண்டு உதிர்ந்துவிடாமல் ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். அவர்களுக்கு அது புதிதில்லை, ஸ்பானிய ஓ-விலும் இதே தொல்லைதான். மாதக்கணக்கில் முன்பே சொல்லி வையுங்கள், அக்டோபரில் அவர்கள் கை திருநாள் வேலையில் இருக்கும்.

பூ விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே அது செம்பசூச்சில், இறந்தவர்களுக்கான பூ, புவெப்லா மாநிலத்தில்தான் அதிகம் விளைகிறது. நவம்பர் முதல் வாரம் ஊரெல்லாம் அதன் வாசனை. உங்கள் அம்மா ஆசையாக ஆரஞ்சு மாலை கட்டிவந்தால் அவர்கள் கண்ணுக்கு அது படையலாகத் தெரியும். மல்லிகையும் ரோஜாவும் போதும். மெக்சிகோவின் தேசியப்பூ டாலியா, கிடைத்தால் கையில் அதைப் பிடியுங்கள்.

பக்கத்திலேயே சோலூலா. அடிப்பக்கம் சுமார் 400 மீட்டர் வரும் பிரமிடு, மண்மூடிக் குன்றாகிவிட்டது. உச்சியில் மஞ்சள் கோவில், பின்னால் போப்போகாதேபெத்தல் எரிமலை. நவம்பரில் மழை ஓய்ந்திருக்கும். விடியலில் போனால் வெயில் எரிமலை முகத்தில் விழும், பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிடலாம். தொல்லியல் இடத்துக்குள் ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் கொண்டுபோக ஐஎன்ஏஎச் என்ற அரசுத் துறையின் அனுமதி வேண்டும். தெருவிலிருந்தோ வயலிலிருந்தோ எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, கோணமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் போட்டோகிராஃபருக்கு அனுப்புவதற்கு முன்னால் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கல்யாண ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கோவில், எந்த முற்றம், லாசோவை யார் போட்டார்கள் என்று கேளுங்கள். பாதித் திட்டம் அதிலேயே வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. விருந்தில் கட்டாயம் மோலே வரும், மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்த கரும்பழுப்புக் குழம்பு, அந்த ஊரின் பெருமை. பட்டில் பட்டால் போகாது. புடவையை மாற்றிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

அன்புடன்,
அக்கா