கஞ்சியும் வேதமும்: கேள்வி பதில்

நாசரேத்திலிருந்து: அண்ணாச்சி, மிஷனரிமார் பள்ளிக்கூடம் கட்டினது சேவைக்கா, மதம் மாத்தவா?

அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் தம்பி. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியுஸ் ஐயர் பள்ளிகள் வைத்தார். வேதம், அதாவது பைபிள், வாசிக்க எழுத்து தெரிய வேண்டுமே. வேதத்துக்கு வந்தவர்களை ஊரார் விரட்டியபோது நிலம் வாங்கிக் குடியமர்த்தினார். டோனாவூர் அப்படி வந்த ஊர். பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். வெளிநாட்டுப் பணம், ஊர் முன்னேற்றம், மதம் மூன்றும் அன்றைக்கே ஒன்றாய்த்தான் வந்தன.

தென்காசியிலிருந்து: தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சிக்காகத்தானே கூட்டங்கூட்டமா மாறினாங்க?

1876-78 பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தது உண்மை. கஞ்சியும் ஒரு காரணம், மறுக்கமாட்டேன். ஆனால் அதை மட்டும் சொல்வது அந்தச் சனங்களை அவமதிப்பது. மழை பெய்து விளைச்சல் வந்த பிறகும் எத்தனையோ குடும்பம் திரும்பவில்லை. பிள்ளைக்குப் படிப்பு, அதிகாரியிடம் பேச ஓர் ஆள், கொஞ்சம் மரியாதை: இவையும் கணக்கில் உண்டு. 1981-இல் உங்கள் பக்கத்து மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். அப்போது பஞ்சம் இல்லை. சாதி இழிவு இருந்தது.

வள்ளியூரிலிருந்து: கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துல வேலை பாக்கேன். தையல் வகுப்புக்கு முன்னால ஜெபம் பண்ணலாமா அண்ணாச்சி?

வேண்டாம்மா. எனக்கும் விசுவாசம் உண்டு, அதனாலேயே சொல்கிறேன். மெஷின் உங்கள் கையில் இருக்கும்போது, வந்திருக்கிற பெண் "எனக்கு ஜெபம் வேண்டாம்" என்று எப்படிச் சொல்வாள்? பட்டியலில் பேர் போய்விடுமோ என்று பயந்து தலையைக் குனிந்து நிற்பாள். அதை ஆமென் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செஞ்சிலுவையும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை நெறி இதைத்தான் சொல்கிறது: தேவையைப் பார்த்து மட்டும் உதவு, மதக் கருத்தை வளர்க்க உதவியைக் கருவியாக்காதே. நிறுவனத்துக்கு மத நம்பிக்கை இருக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. ஜெபக்கூட்டம் வேறு நாள், வேறு இடத்தில் நடக்கட்டும். பயனாளிப் பட்டியல் எழுதுகிறவர் வேதம் போதிக்கிற உபதேசியாராக இருக்கவே கூடாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: இந்தக் கண்டிப்பு கோயில் அன்னதானத்துக்கும் உண்டா?

உண்டு. பந்தியில் உட்கார்ந்தவனிடம் எந்தக் கோயிலும் எந்தப் பள்ளிவாசலும் சாதி, மதம் கேட்கக்கூடாது.

சங்கரன்கோவிலிலிருந்து: கிறிஸ்தவத்துக்கு மாறினா எஸ்.சி. சலுகை போயிருமா?

போகும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இன்று இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே அந்தத் தகுதி. தமிழ்நாட்டில் மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைப்பார்கள். ஆதாயத்துக்காக மாறுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.